உறைபனியில் ஆடு வளர்ப்போர் கவனத்துக்கு

இந்த வழிகாட்டி உங்களுக்குப் பயன்பட வேண்டுமானால் நீங்கள் பணி ஓய்வு பெற்றவராக இருக்க வேண்டும். அல்லது அப்படிப்பட்ட ஒருவரைக் கட்டிக்கொண்டவராக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அதிகாலை ஐந்து மணிக்குத் தண்ணீர்த் தொட்டியில் படிந்த ஐஸ் தகட்டை அரிவாளின் பின்புறத்தால் தட்டி உடைக்க நேரம் இருக்காது. நான் கோயம்புத்தூரில் 34 வருடம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கணக்கு எழுதியவன். ஊட்டியைத் தாண்டி, தலைகுந்தா பக்கம் ஒரு ஏக்கர் நிலமும் ஆறு செம்மறியும் வாங்கி நாலு குளிர்காலம் ஓடிவிட்டது. எனக்குள்ள தகுதி அவ்வளவுதான்.

முதலில் இடம். பள்ளத்தில் வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும். "காலையில எந்திரிச்சுக் கதவைத் தொறந்தா ஸ்விட்சர்லாந்து சார்" என்று தரகர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்பது டிசம்பரில் தெரிந்தது. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் வந்து தேங்கும். உயரப் போகப்போகக் குளிர் அதிகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நம்பி, 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் ஒரு பள்ளத்தைத் தேடிப் பிடித்தவன் நான். மேட்டிலிருக்கும் பக்கத்துத் தோட்டத்துப் பாட்டியின் உருளைக்கிழங்குச் செடி விடிந்தாலும் பச்சையாக நிற்கும். என்னுடையது வெந்நீர் ஊற்றினாற்போல் கருகிக் கிடக்கும். படகர்களின் ஊர்களான ஹட்டிகள் ஏன் மேட்டுச் சரிவாகப் பார்த்து அமைந்திருக்கின்றன என்று வாங்குவதற்கு முன்பே யோசித்திருக்கலாம்தான். வியூ நன்றாக இருந்தது.

அக்டோபரில் விழுவது நீர்ப்பனி. அதைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டாம். நவம்பரில் உறைபனி ஆரம்பித்தால் பிப்ரவரி வரை இழுக்கும். தாவரவியல் பூங்காவில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடிக் காப்பாற்றுகிறார்கள். நான் என் மனைவியின் பழைய புடவைகளால் மூடினேன். "பழைய" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

அடுத்தது ஆடு. நீலகிரி செம்மறி என்றே ஒரு இனம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனியாவின் மெரினோ, செவியட், சவுத்டவுன் எல்லாம் கலந்து இந்த மலையில் உருவானது. சாண்டிநல்லாவில் இதற்கென்றே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. நானும் கோயம்புத்தூர் கலப்புத்தான், இந்த மலைக்கு வந்து சேர்ந்தவன்தான். ஆனால் எனக்கு மட்டும் முதுகில் ரோமம் முளைக்கவில்லை.

முதல் குளிர்காலத்தில் ஆடு நடுங்கும் என்று பயந்து கொட்டகையைத் தார்ப்பாயால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். ஒரே வாரத்தில் ஆறும் இருமின. கால்நடை மருத்துவர் வந்து தார்ப்பாயைத் தூக்கினார். உள்ளிருந்து வந்த மூத்திர நெடியில் அவருக்கே கண் கலங்கியது. "ஆட்டுக்குக் குளிர் இல்ல சார், உங்களுக்குத்தான் குளிருது. அதுக்குக் காத்து வேணும்" என்றார். ஈரத் தரையும் நெடியும்தான் நுரையீரலைக் கெடுக்கும், குளிர் அல்ல. மழையும் எதிர்க்காற்றும் படாமல் ஒரு பக்கம் மறைப்பு, காலுக்குக் கீழே காய்ந்த தரை, மேலே நெடி வெளியேற ஓர் இடைவெளி. இது போதும்.

சந்தேகமிருந்தால் விடியற்காலையில் வெளியே படுத்த ஆட்டின் முதுகைப் பாருங்கள். உறைபனி வெள்ளை வெளேரென்று உருகாமல் உட்கார்ந்திருக்கும். பார்த்தவுடன் ஐயோ என்றிருக்கும். விரலை ரோமத்துக்குள் விட்டுத் தோலைத் தொட்டால் இட்லிப் பானையைத் தொட்ட மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் சூடு வெளியே ஒரு துளிகூடக் கசியாததால்தான் மேலே பனி உருகவில்லை. உள்ளே அடுப்பு வேறு எரிகிறது: தின்ற புல் வயிற்றில் புளிக்கும்போது சூடு உண்டாகும். அதனால் கடும் பனி இரவுகளில் அடர்தீவனத்தைக் கூட்டிக் கொடுப்பதைவிட, காய்ந்த புல்லைக் கூட்டிக் கொடுப்பது நல்லது. இரவெல்லாம் அசைபோட்டு அதுவே காய்ந்துகொள்ளும். நீங்கள் ஐந்து மணிக்கு மப்ளர், குரங்குக் குல்லாய், இரண்டு சாக்ஸோடு டார்ச் அடித்துக்கொண்டு போனால், ஆறும் படுத்தபடியே தலையைத் திருப்பி, யாரோ பாவம் என்பதுபோல் பார்க்கும்.

காலையில் மேயவிட அவசரப்படாதீர்கள். பனி உருகி, புல் காய்ந்து, பத்து மணியாகட்டும். ஈரப் புல்லின் நுனிவரை குடல்புழுவின் குஞ்சுகள் ஏறிக் காத்திருக்கும். அதுவரை கேரட் தழை போடலாம். எங்கள் பக்கம் கேரட் கழுவும் இடங்களில் கேட்டால் கிடைக்கும்.

இந்த ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குளிருக்கென்று கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்காதீர்கள். இந்த மலையில் அப்படித் தூங்கி எழுந்திருக்காதவர்கள் உண்டு. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது, தூக்கத்தில் தெரியாது. ஆட்டுக்குச் சொன்ன அதே புத்திதான்: காற்று வேண்டும்.

இனி ரோமம். கத்தரிப்பது குளிர் போன பிறகு, மார்ச்சில். என் ஆறு ஆடுகளிலும் சேர்த்துக் கிடைத்தது இரண்டு கிலோ சொச்சம். அதில் பாதி ஆட்டின் எண்ணெய், வியர்வை, மண், முள், புழுக்கை. அந்த எண்ணெயைத்தான் லானோலின் என்று சொல்லி முகக் களிம்புகளில் சேர்க்கிறார்கள். நாலு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் உள்ளங்கை குழந்தைக் கை மாதிரி ஆனதுதான்.

கழுவுவதில்தான் எல்லாம் இருக்கிறது. சூடான தண்ணீரில் சோப்புக் கலந்து ரோமத்தை மெல்ல அமுக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கலக்கக் கூடாது, கசக்கக் கூடாது, சுடுநீரிலிருந்து எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போடக் கூடாது. ஒவ்வொரு இழை மேலும் மீன் செதில் போலச் செதில் இருக்கிறது. சூடும் சோப்பும் ஆட்டமும் சேர்ந்தால் செதிலோடு செதில் மாட்டிக்கொண்டு இறுகிவிடும். பிறகு பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. முதல் வருடம் ஒரு மூட்டை ரோமத்தைக் கேரட் கழுவும் இயந்திரத்தில் போட்டுத் தர முடியுமா என்று போய்க் கேட்டேன். அங்கிருந்த பையன் மூட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணா, ஆட்டையே கொண்டாந்தாக்கூட போட்டுருவோம், இது வேணாம்" என்றான். அந்தப் பையன் இருக்கும் திசைக்கு இன்னும் கும்பிடு போடுகிறேன்.

கழுவிக் காயவைத்ததைச் சீவ வேண்டும். நாய்க்கு முடி சீவும் கம்பிப் பிரஷ் இரண்டு போதும். நாய் தன் பிரஷ்ஷை வேறொருத்தருக்குப் பயன்படுத்துவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், கண்டுகொள்ள வேண்டாம். நூற்பதற்கு நான் தக்ளியை எடுத்தேன். ஆறாம் வகுப்பில் கைத்தொழில் பாடத்தில் தக்ளி சுற்றி வாத்தியாரிடம் குட்டு வாங்கிய தலைமுறை இது. பஞ்சில் அறுந்துகொண்டே இருந்த இழை ரோமத்தில் அறுவதில்லை, ஆனால் ஒரு இடத்தில் கயிறாகவும் அடுத்த இடத்தில் முடியாகவும் வந்தது. இதைக் கைவினை என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு ஆளுக்கு ஸ்வெட்டர் என்றால் அரைக்கிலோ நூலாவது வேண்டும். முதல் குளிர்காலம் முழுக்க நூற்றேன், இரண்டாவதில் பின்னினேன். பூங்கா பக்கத்துத் திபெத்தியன் மார்க்கெட்டில் பத்து நிமிடத்தில் ஒன்று வாங்கிவிடலாம் என்பதை மனைவி வாரம் ஒரு முறையாவது நினைவூட்டினாள். பல தலைமுறையாக இந்தக் குளிரில் வாழும் தோடர்களே கம்பளி நெய்யவில்லை என்பது வேறு எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் வளர்ப்பது எருமை. போர்த்துவது தடித்த பருத்திப் போர்வை. அதில் பெண்கள் வரைபடம் எதுவும் இல்லாமல் இழையை எண்ணியெண்ணிச் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. என் பின்னலுக்கும் யாராவது ஏதாவது குறியீடு கொடுத்தால் மறுக்கமாட்டேன்.

"ஏனுங்க, விட்டுத் தொலைங்களேன்" என்றாள் ஒரு நாள். ஆற்றில் மிதந்து வந்த கரடியைக் கம்பளி மூட்டை என்று நினைத்துக் கட்டிப்பிடித்தவன் கதை உங்களுக்குத் தெரியும். விட்டுவிடு என்று கரையிலிருந்து கத்தியபோது, நான் எப்போதோ விட்டுவிட்டேன், கம்பளிதான் என்னை விடவில்லை என்றானே, அந்த நிலைதான். எங்கள் பக்கம் கரடி கதையில் மட்டும் வருவதில்லை. எண்ணெய் வாசத்துக்கு வீட்டு வாசல்வரை நிஜமாகவே வரும். நெடி தாங்காமல் மனைவி ரோம மூட்டைகளைத் திண்ணைக்குத் தள்ளிவிட்டாள். ஒரு பனி இரவில் நான் வெளியே வந்தபோது மூட்டை ஒன்று கூடுதலாக இருந்தது. ஆகவே, திண்ணையில் மூட்டை வைப்பவர்கள் டார்ச் இல்லாமல் எதையும் தொட்டுப் பார்க்க வேண்டாம். இது இந்த வழிகாட்டியின் மிக முக்கியமான பகுதி.

மூன்றாவது குளிர்காலத்தில் ஸ்வெட்டரைப் பதினோரு நாள் போட்டேன். பன்னிரண்டாம் நாள் அது வாஷிங் மெஷினுக்குள் போனது. யார் போட்டது என்பதைக் குடும்ப அமைதி கருதிச் சொல்லவில்லை. செதிலைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். வெளியே வந்தபோது ஒரு சாண் அகலம் இருந்தது, நிறுத்தினால் நின்றது.

அதே வாரம் மூத்த ஆடு குட்டி போட்டது. செம்மறிக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். கிடாயை எப்போது சேர்ப்பது என்பதை விரல்விட்டு எண்ணிவிட்டுச் சேர்க்கவும். நான் ஜூலையில் சேர்த்தேன், குட்டி உறைபனியின் உச்சத்தில் வந்து விழுந்தது. துடைத்துவிட்டு, சீம்பால் ஊட்டியபின், நடுக்கம் நிற்காததால் அந்த ஸ்வெட்டரை மாட்டினேன். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. ஆனால் தாய் கிட்டே வந்தது, முகர்ந்தது, முட்டித் தள்ளியது. ஆடு குட்டியை அடையாளம் காண்பது வாசனையால். என் குட்டி சோப்புத்தூள் மணந்தது. அந்த ஸ்வெட்டரில் பாதி அவள் முடிதான் என்பதை அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க வழி இல்லை. மேட்டுத் தோட்டத்துப் பாட்டி வந்து பார்த்துவிட்டு, "கழட்டு தம்பி" என்றார். கழற்றி, குட்டியைத் தாயின் மேலேயே தேய்த்து விட்டோம். அரை மணி நேரத்தில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

ஸ்வெட்டரைக் கோழிக் கூட்டில் போட்டிருக்கிறேன். பகல் குறையும் மாதங்களில் கோழி முட்டையைக் குறைத்துவிடும், அது இயல்பு. ஆனால் பழுப்புக் கோழி ஒன்று ஸ்வெட்டரின் கழுத்துப் பக்கமாக உள்ளே நுழைந்து, கைப் பக்கமாகத் தலையை நீட்டியபடி உட்கார்ந்து, வாரம் மூன்று முட்டை இடுகிறது. மனைவி இப்போது அந்த ஸ்வெட்டருக்கு ஒரு ஜோடி வேண்டும் என்கிறாள்.