ஐயங்கார் கடை முட்டை பப்ஸ்

கோவைப் பக்கம் தெருவுக்கொரு ஐயங்கார் பேக்கரி. ஹாசன் ஐயங்கார்கள் பெங்களூரில் முட்டையில்லாமல் கேக் சுட்டுப் பெயர் வாங்கினார்கள். பல தெருக்களுக்கு அவர்கள் வராமல் பெயர்ப் பலகை மட்டும் பஸ் ஏறி வந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள், பல்பு வெளிச்சத்தில் முதல் தட்டிலேயே முட்டை பப்ஸ்.

"ஏனுங்கண்ணா, ஐயங்கார் கடையில முட்டையா?"

"வெஜ்ஜு கீழ்த்தட்டுல இருக்குதுங்க."

சரிதான். தேங்காய் பன் வாங்கினேன். கிழித்துக் கொடுத்த செய்தித்தாளில் 'கொலஸ்ட்ராலைக் குறைக்க எளிய வழிகள்'. வழிகள் அத்தனையும் எண்ணெயில் ஊறி, பின்பக்கத்து ராசிபலனும் சேர்ந்து தெரிந்தது. காபிக்கு டிகாக்‌ஷன் தீர்ந்துவிட்டதாம். இன்ஸ்டன்ட் தூளைப் பாலில் கொட்டி, கை உயர ஆற்றி நீட்டினார். காசு மட்டும் ஃபில்டர் காபிக்கு.