பெயரில் என்ன இருக்கிறது?

ரஷ்யாவில் 'கொம்சொமோல்' என்ற கம்யூனிஸ்ட் இளைஞர் சங்கம் 1991-லேயே கலைந்துவிட்டது. 1919-ல் பிறந்த 'மாஸ்கோவ்ஸ்கி கொம்சொமோலெத்ஸ்' நாளிதழ் மட்டும் அதே பெயரை விடாமல் வைத்திருக்கிறதே, கூத்தாக இல்லை?
– டீக்கடை வாசகர், செல்லூர், மதுரை

மதுரைக்காரர் கேட்கிற கேள்வியா இது? 2013 ஜூலையில் தந்தி சேவைக்கே அரசு மூடுவிழா நடத்தியது. மறுநாள் காலை உங்கள் டீக்கடைக்குத் 'தந்தி' பேப்பர் வரவில்லையா? நாலு பேர் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு, டீ ஆறும்வரை படிக்கவில்லையா? அது பிறந்ததும் உங்கள் ஊரில்தான்: 1942 நவம்பர் 1. லண்டனில் பாரிஸ்டர் படித்த சி.பா.ஆதித்தனார், அந்த ஊர் 'டெய்லி மிரர்' பாணியை, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற தமிழில் கொண்டுவந்தார். வாசலில் தந்திக்காரர் நின்றாலே ஒப்பாரி தொடங்கிய காலம் அது. அந்தப் பெயரையே காசு கொடுத்து வாங்க வைத்தாரே, ஆள் கெட்டிக்காரர்!

'தந்தி'யில் வரும் 'கன்னித்தீவு' படக்கதை எப்போதுதான் முடியும்?
– அதே டீக்கடை, அடுத்த பெஞ்ச்

1960-ல் ஆரம்பித்தது. நடுவில் சோவியத் யூனியனே முடிந்துவிட்டது. சிந்துபாத் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை.