உழக்கொலியியல்: ஓர் அறிமுகம்

ஸ்பூல் நாடாக் கருவிகளைப் போற்றுவோர் கும்பிடும் தெய்வம் ஒன்றுதான்: மாறா வேகம். நாடா நொடிக்கு 19 சென்ரிமீற்றர் ஓடவேண்டுமென்றால் மயிரிழையும் பிசகக்கூடாது. 1967இல் வந்த றீவொக்ஸ் ஏ77 என்ற சுவிஸ் கருவியில் மோட்டரின் வேகத்தைக் காவல் காக்கவே தனியாக ஒரு மின்னணுச் சுற்று இருந்தது. இந்தத் தெய்வத்தின் தலபுராணத்தில் யாழ்ப்பாணத்துக்கு இடமில்லாதது பெருங்குறை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றறியும் அகப்பட்டுக்கொண்டது. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலில் விளக்குக் கொளுத்திய ஊர், பாட்டுக் கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தது. பெடலைச் சுற்றச் சில்லு சுழலும். சில்லு டைனமோவை உருட்டும். டைனமோ கசற் றெக்கோடரை ஓட்டும். டைனமோவும் 6 வோல்ற், நாலு பற்றறிக் கருவியும் 6 வோல்ற். இப்பொருத்தத்தைச் சோதிடர் எவரும் பார்த்துச் சொல்லவில்லை. (கையால் சுற்றுவதையும் காலால் மிதிப்பதையும் இக்கட்டுரை வசதி கருதி உழக்கல் என்றே கொள்ளும்.)

நமது துணிபு இது: உழக்குபவரின் களைப்பு பாட்டில் பதியும், களிப்பு பதியாது. கசற் நாடா ஓடவேண்டிய வேகம் நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர். அது ஏறத்தாழ 4.5 ஆகத் தளர்ந்தால் சுருதி அரைக் கட்டை இறங்கிவிடும். பாதியாகத் தளர்ந்தால் பி. சுசீலாவின் குரல் ஒரு முழு ஸ்தாயி கீழே போய் ஆண் குரல்களோடு சேர்ந்துகொள்ளும். இங்கே மின்பொறியாளர் குறுக்கிடுவார்: கசற் மோட்டருக்குள் வேகக் கட்டுப்பாடு இருக்கிறதே, பிறகெப்படிக் கால் பாட்டைத் தொடும்? நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கட்டுப்பாடு மிஞ்சிய மின்னழுத்தத்தை அடக்க வல்லதேயன்றி, இல்லாத மின்னழுத்தத்தை உண்டாக்க வல்லதல்ல. வெறி பிடித்தவர்போல் உழக்கினாலும் பாட்டு மேலே ஏறாது (கருவி புகையலாம், அது வேறு துறை). கை சோர்ந்தால் மட்டும் இறங்கும். உற்சாகத்துக்கு உச்சவரம்பு வைத்துச் சோர்வை மட்டும் தாராளமாக ஏற்கும் இசைக்கருவி வேறெது?

செய்தி கேட்கத்தான் சனம் உழக்கியது, பாட்டு இடைச்செருகல் என்பது இரண்டாவது ஆட்சேபம். இருக்கட்டும்; அதுவே நமக்கு ஒப்பீட்டுச் சான்று. றேடியோவில் மோட்டர் இல்லை. ஆகவே உழக்கல் தளரும்போது பி.பி.சி. தமிழோசையின் செய்தி மங்கும், கரகரக்கும், ஆனால் வாசிப்பவரின் சுருதி இறங்காது. ஒரே கை, ஒரே சில்லு, ஒரே களைப்பு. செய்தி மெலிகிறது, பாட்டு தாழ்கிறது. இதைவிடத் துல்லியமான பரிசோதனையை எந்த ஆய்வுகூடமும் அமைத்துத் தராது.

டைனமோ ரயரில் உரசி எழுப்பும் உறுமலைத் தம்புராவாகக் கொள்ளலாமே என்று சிலர் சமரசம் பேசக்கூடும். கொள்ள முடியாது. தம்புரா நகராது. இதுவோ சில்லோடு ஏறும், சில்லோடு இறங்கும். பாட்டோ இறங்க மட்டுமே தெரிந்தது. ஏறும்போது தனியாகவும் இறங்கும்போது கூட்டாகவும் வரும் துணையைச் சுருதி என்பதற்கு இலக்கணம் இடந்தராது. உறவினர் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இத்துறைக்கான தரவு 1995 ஒக்டோபர் 30உடன் அறுந்துபோகிறது. அன்றிரவு வலிகாமத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது அதே சைக்கிள்கள்தாம் வீதியில் நெருக்கியடித்து நின்றன: கரியரில் மூட்டை, பாரில் பிள்ளை, ஹாண்டிலில் வாளி. ஏறி உழக்க இடமில்லை, தள்ளிக்கொண்டே போனார்கள். அந்த நடை வேகத்தில் டைனமோ ஒரு சின்ன பல்பைக்கூட ஒழுங்காக எரிக்காது.