மடையைப் பாக்காம மோட்டாரை மாத்தாதலே

வாலே மருமவனே, ஒக்காரு. காப்பி குடிக்கியா? வேண்டாமா? சரிதான், அம்பதாயிரம் ரூவாய்க்குப் புதுக் கம்ப்யூட்டரு வாங்கப் போறவனுக்கு எங்க வீட்டுக் காப்பி எறங்காதுதான்.

பழசு திடீர்னு பையப் போகுதுன்னு ஒங்க அம்ம சொன்னா. போன வாரம் வரைக்கும் நல்லா ஓடுனது, இப்பம் ஒரு பைலத் தொறக்கதுக்குள்ள ஒன் பொஞ்சாதி உளுந்து அரைச்சு எடுத்துருதாளாம். நல்லதுல்லா, வீட்டுல ஒரு வேலையாவது முடியுது.

மாமாவுக்கு என்ன தெரியும்னு நெனைக்க. படிச்சது எட்டாங்கிளாஸ்தான், இல்லங்கல. ஆனா கீழ ரதவீதில ஒரு பய கம்ப்யூட்டர் சரிபாக்குத கடை வச்சிருக்கான். சாயங்காலம் ஆயிட்டுன்னா அந்தக் கடை ஸ்டூலு நமக்குத்தான் பட்டா. பொட்டியத் தூக்கிட்டு வாரவன் மூஞ்சியையும் பாப்பேன், அந்தப் பய பொட்டியத் தொறக்கதையும் பாப்பேன். ரொம்பப் பேரு அதத் தூக்கிட்டு வந்ததே தண்டம்லே. ஆட்டோக் கூலி வேற.

ஏன்னு சொல்லுதேன். நம்மூரு நயினார்குளத்துக்குத் தண்ணி கொண்டுவாரது எது? சுத்தமல்லி அணைக்கட்டுல பிரியுத நெல்லை கால்வாய். அந்தப் பாசனத்துல நமக்கு வயலு இருந்த காலத்துல, கடைமடைக்குத் தண்ணி வரலன்னா தாமிரவருணி வத்திப்போச்சுன்னா அழுதோம்? மம்பட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு வாய்க்கா கரையோட மேல நடப்போம். எங்கனயாவது ஒருத்தன் ராத்திரியோட ராத்திரியா மடையத் தொறந்து தன் வயலுக்குப் பாச்சிக்கிட்டு, பகல்ல நம்மகிட்டயே ‘ஏன் அண்ணாச்சி, ஒங்க பக்கம் தண்ணி வரலியோ’ன்னு கேப்பான். ஒன் பொட்டிக்குள்ளயும் அந்தக் கததான். தண்ணி எங்கயும் போகல. எவனோ குடிக்கான். எவன்னு பாக்காம நீ புது மோட்டாரு வாங்க நிக்க.

இதுக்கு மம்பட்டியும் வேண்டாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப்பு மூணையும் சேத்து அமுக்கு. டாஸ்க் மேனேஜர்னு ஒண்ணு வரும். 1990கள்ல மைக்ரோசாப்டுல வேல பாத்த டேவ் பிளம்மருங்க புண்ணியவான் வீட்ல ஒக்காந்து தனக்காவ எழுதுனது. பொறவு கம்பெனியே அத விண்டோசுல சேத்துக்கிட்டு. சிபியு, மெமரி, டிஸ்க்குன்னு தலைப்பு போட்டுருக்கும். தலைப்பு மேல ஒரு தட்டு தட்டுனா, ரொம்பக் குடிக்கவன் மொத ஆளா வந்து நிப்பான். ஆனா பொட்டியப் போட்ட ஒடனே பாக்காத. அப்பம் எல்லாவனுந்தான் முண்டுவான். பத்து நிமிசம் சும்மா விட்டுட்டுப் பாரு.

மேல நிக்கது விண்டோஸ் அப்டேட்டா? அவன் முறைக்காரன்லே. முறைத் தண்ணி பாச்சிட்டு அவனே போயிருவான். நீ என்ன செய்வ தெரியுமா, ‘சே, சனியன்’னு பாதில சுவிட்ச அணைப்ப. நாளைக்கு அவன் மறுபடியும் தொடங்குவான், நீயும் மறுபடியும் அணைப்ப. ஒரு ராத்திரி முழுக்கப் பொட்டியப் போட்டு வச்சாத் தீந்துபோற வழக்க இப்படி வருசக்கணக்கா இழுக்கவனுவள நான் கண்டுருக்கேன்.

‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்சிக்யூடபிள்’னு நீளமா ஒரு பேரு நின்னா, அது விண்டோசுக்கே உள்ள காவக்காரன். எப்பவாவது எல்லா அறையையும் தொறந்து பாப்பான், பொறவு அடங்கிருவான். அதுக்கு மேல ஒன் மச்சினன் ஒரு ஆன்டிவைரசு, கடைக்காரன் ஒரு ஆன்டிவைரசுன்னு போட்டுருந்தா, ரெண்டும் ஒண்ண ஒண்ணு சந்தேகப்பட்டே பொழுதக் கழிக்கும். ஒண்ண வச்சிக்கிட்டு மத்தத எடுத்துரு. மச்சினன் கோவிச்சா எம்பேரச் சொல்லு.

பேரே விளங்காத ஒண்ணு சிபியுல முக்காவாசி தின்னுக்கிட்டு நிக்கின்னா, அப்பம் ஒன் மவனக் கூப்புடு. காசு குடுத்து வாங்குத கேம ஓசியா எறக்கிட்டேன்னு போன வாரம் எங்கிட்டயே பெருமை அடிச்சான். அந்த மாதிரி ஓசிச் சரக்குல சிலதுக்குள்ள, கண்ணு காணாத தேசத்துல ஒருத்தனுக்குக் கிரிப்டோ காசு தோண்டிக் குடுக்க சாமானம் ஒளிஞ்சிருக்கும். பொட்டி ஒன்னுது, கரண்டு பில்லு ஒன்னுது, வரும்படி அவனுக்கு. சிலது ரொம்ப வெவரம், டாஸ்க் மேனேஜரத் தொறந்தவொடனே மூச்சுக் காட்டாம இருந்துரும். திடீர்னு மெதுவாப் போச்சுன்னு சொல்லுதில்லா, அதுக்கு முந்துன நாளு அந்த வீட்ல எவன் எத எறக்குனான்னு விசாரி. திடீர்னு வந்த கோளாறுக்குத் திடீர்னு ஒரு காரணமும் இருக்கும்லே.

‘தெனம் ஷட்டவுன் பண்ணித்தானே மாமா படுக்கேன்’ங்க. அங்கதான் ஏமாந்த. 2012ல விண்டோஸ் 8 வந்ததுல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புன்னு ஒண்ணு வச்சிருக்கான். அணைக்கும்போது அடித்தளத்து நெலமைய அப்படியே டிஸ்க்குல எழுதி வச்சிட்டுப் படுக்கும், காலம்பர அதையே எடுத்து விரிக்கும். நேத்துக் கோளாறும் சேந்தே முழிக்கும். ரீஸ்டார்ட்டு குடுத்தாத்தான் எல்லாம் புதுசாத் தொடங்கும். இத மொதல்ல செஞ்சிட்டுப் பொறவு எங்கிட்ட வந்துருந்தா, காப்பியும் குடிச்சிருப்ப.

இன்னொண்ணு, ‘ஒங்க கம்ப்யூட்டர் ஆபத்துல இருக்கு, இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்க’ன்னு செவப்பா ஒரு பலகை முன்னால வந்து குதிச்சா, பண்ணிராத. மைக்ரோசாப்டு தன் எச்சரிக்கைல போன் நம்பரு போடுறதே கெடையாது. பண்ணிக் காசும் போச்சுன்னா வெக்கப்பட்டுக்கிட்டு இருக்காம 1930க்கு அடி. அது சர்க்காரு சைபர் கிரைம் நம்பரு.

இப்பம் ஒன் வீட்டு விசயத்துக்கு வாரேன். கம்ப்யூட்டர எங்க வச்சிருக்க? பூசை அலமாரிக்குக் கீழ. சாமிக்குப் பக்கத்துல இருந்தா நல்லா ஓடும்னு நெனச்ச போல. வெள்ளி, செவ்வாய் சாம்பிராணிப் பொகை, விபூதி, ஊதுபத்திச் சாம்பலு, அத்தனையும் ஃபேனு உள்ள இழுக்கு. சைடு மூடியக் கழத்திப் பாரு. பிராசசருக்கு மேல அலுமினியத் தகடு வரிசையா நிக்கும். அந்த இடுக்குல தூசியும் தலைமுடியும் சேந்து, கம்பளித் துண்டு தச்சு வச்ச மாதிரி இருக்கும். ஃபேனு சுத்தும், ஆனா கையக் காட்டுனா காத்து வராது. சூடு ஏறுச்சுன்னா பிராசசரு தன்னக் காப்பாத்திக்கிட தானே வேகத்தக் கொறைச்சுக்கிடும். காலைல போட்டா நல்லா ஓடி, அர மணி நேரம் கழிச்சு இரைச்சலோட படுக்குதுன்னா இதுதான் வியாதி. அதுவும் நம்மூரு சித்திரை வெயில்ல கேக்கவே வேண்டாம். பிளக்கப் புடுங்கிட்டு, ஃபேன வெரலால புடிச்சுக்கிட்டு, காஞ்ச பிரஷ்ஷால பதவிசா தட்டி எடு. ஒன் அத்தைய மாதிரி ஈரத்துணி வச்சுத் தொடச்சிராத.

புதுசுதான் வாங்கணும்னு ஒனக்குக் கம்ப்யூட்டரு விக்கப் பாக்கவன் என்ன சொன்னான்? ‘விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சு சார்’னானா? 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாப்டு அதுக்கு வழக்கமா உள்ள இலவச ஆதரவ நிப்பாட்டிட்டு, மெய்தான். அது பாதுகாப்பு விசயம், அதப் பத்தி யோசிக்க வேண்டியதுதான். ஆனா தேதி முடிஞ்சதுனால பொட்டி நொண்டும்னு ஒரு ஏற்பாடும் இல்ல. ரெண்டையும் ஒரே முடிச்சாப் போட்டு ஒன் தலைல கட்டப் பாக்கான். அவனும் பொழைக்கணும்லா. 2011ல தொடங்கின சர்க்காரு திட்டத்துல ஒன் தங்கச்சிக்குக் குடுத்த லேப்டாப்பு பரண்ல கெடக்கே, அத எறக்கி இலேசான லினக்சு ஒண்ணப் போட்டா, பில்லு அடிக்கவும் மெயிலு பாக்கவும் இன்னிக்கும் ஆவும்.

கடைசியா டிஸ்க்கு. டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க்கு நூறு சதவீதம்னு காட்டும், ஆனா ஒருத்தனும் பெருசாக் குடிக்கலன்னா, அங்க மடையே இடிஞ்சு கெடக்குன்னு வையி. பழைய ஹார்ட் டிஸ்க்குன்னா உள்ள தட்டு நிமிசத்துக்கு 5400 இல்லாட்டி 7200 சுத்து சுத்தும். தட்டுல ஒரு எடம் கெட்டுப்போனா, அதையே திரும்பத் திரும்பப் படிச்சுப் படிச்சுப் பாக்கும், மத்தவனெல்லாம் வரிசைல நிப்பான். காத வச்சுக் கேளு, டொக் டொக்னு சத்தம் வருதான்னு. வந்தா அதச் சரிபாக்கணும்னு நிக்காத. சுத்துத தட்டே இல்லாத எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கி மாட்டு, நீ சொன்ன அம்பதாயிரத்துல சின்னப் பங்குதான் ஆவும். நாலு ஜிபி ராம்தான் இருக்குன்னா அதையும் எட்டாக்கிரு, எடம் பத்தாம டிஸ்க்க நச்சரிக்கது நிக்கும்.

ஆனா டொக் டொக்னு கேட்டுச்சுன்னா, கடைக்குப் போறதுக்கு முந்தி, இன்னிக்கு ராத்திரியே ஒன் கல்யாண போட்டோவயெல்லாம் வேற எடத்துக்கு எடுத்து வச்சிரு. அது போச்சுன்னு வையி, பொறவு கம்ப்யூட்டரு வேகத்தப் பத்திக் கவலைப்பட ஒனக்கு நேரமே இருக்காது, ஒன் பொஞ்சாதி வேகத்துக்கு ஈடு குடுக்கவே சரியாயிரும்.