தோள்பேசியார்

கையில் வைத்துப் பேசும் கருவி என்பதால் கைபேசி என்று பெயர் வைத்தவர்கள், அதனைக் காதுக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, கழுத்தை ஒருபுறம் சாய்த்தபடியே இருசக்கர வண்டி ஓட்டும் ஓர் இனத்தார் தோன்றுவர் என எண்ணியிருக்கமாட்டார்கள். தமிழ்நாட்டுச் சாலைகளில் தழைத்து வரும் இவ்வினத்தாரைத் தோள்பேசியார் எனக் குறிப்பதே பொருந்தும். தலைக்கவசத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே கருவியைச் செருகிக்கொள்வோர் இவர்களுள் ஓர் உட்பிரிவினர் ஆவர். உயிர் காக்க வாங்கிய கவசத்தைப் பேசிக்கு உறையாக்கிக்கொண்டமையால் இவர்களைச் சிக்கனப் பிரிவினர் எனலாம்.

தோள்பேசியாரின் முதன்மை அடையாளம் கழுத்தே. நெடுநாள் பழக்கத்தால் அது பேசாத வேளையிலும் நேராக நிற்பதில்லை. கல்யாண மேடையில் புகைப்படக்காரர் “சார், தலையக் கொஞ்சம் நேரா” என்று மும்முறை வேண்டியும் பயனின்றி, இறுதியில் மணமக்களையும் அதே கோணத்தில் சாயச் சொல்லிப் படத்தை ஒப்பேற்றிவிடுவது உண்டு.

சட்டத்திலும் இவர் வல்லவர். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் அபாயகரமாக ஓட்டுவதைப் பற்றிய 184ஆம் பிரிவு, 2019இல் திருத்தப்பட்டபோது, ஓட்டுகையில் கையில் பிடித்த தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதையும் சேர்த்துக்கொண்டு, முதல் குற்றத்துக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்தது. மடக்கிய காவலரிடம் தோள்பேசியார் முன்வைக்கும் வாதம் சுருக்கமானது: “கையிலயா வச்சிருக்கேன்? தோள்லதான சார் இருக்கு!” வாதம் எடுபடாமல் அபராதம் கட்டிய மறுநாளே, கழுத்தில் மாலைபோல் தொங்கும் ப்ளூடூத் கருவி ஒன்றை வாங்கி அணிந்து, பாவம் தீர்ந்தவராகப் புறப்படுகிறார்.

ஆனால் தீர்ந்தது தோள்வலி மட்டுமே. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், போலி ஓட்டுதல் சோதனையின்போது பேசியவர்கள் மற்ற நேரத்தைவிட இருமடங்கு சிக்னல்களைத் தவறவிட்டனர். கருவியைக் கையில் பிடித்தவர்க்கும் பிடிக்காதவர்க்கும் இதில் வேறுபாடு காணப்படவில்லை. கண் ஒரு பொருளின்மீது பட்டும் மனம் அதனைப் பதிந்துகொள்ளாத இந்நிலையைக் கவனக் குருடு எனலாம். “கண்ணு ரோட்டுமேலதான இருக்கு” என்று தோள்பேசியார் சொல்வது பொய்யன்று. கண் சாலையில்தான் இருக்கிறது, கவனம்தான் காய்கறிக் கடையில் நிற்கிறது.

தாம்பரத்திலிருந்து கிண்டி அலுவலகத்துக்கு அவர் செல்லும் ஒரு காலைப் பயணமே இதற்குச் சான்றாகும். பல்லாவரத்தைக் கடக்கையில் அழைக்கும் மேலாளரிடம் “கிண்டி வந்துட்டேன் சார்” என்கிறார். அடுத்து வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது: “சாயங்காலம் வரும்போது தக்காளி வாங்கிட்டு வாங்க. நாட்டுத் தக்காளியா, பெங்களூரா?” அவர் யோசிப்பது மூன்றே விநாடிதான். ஆயினும் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அதற்குள் 33 மீட்டரைக் கடந்துவிடுவதால், ஏறத்தாழ மூன்று மாநகரப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தும் நீளத்தை அவர் தக்காளியாகவே பார்த்துக் கடக்கிறார். ரசத்துக்கு நாட்டுத் தக்காளிதான் என்று தீர்ப்பளிக்கும்போது, கத்திப்பாராவில் நேரே செல்ல வேண்டியவர் இடப்பக்கம் பிரிந்து வடபழனி செல்லும் சாலையில் இருக்கிறார். தவறை உணர்ந்ததும், பின்னால் பாராமலே வண்டியை ஒடிக்கிறார்.

தண்ணீர் லாரி ஒன்று கிறீச்சிட்டு ஒரு முழத்தில் நிற்கிறது. அதன் ஓட்டுநர் தலையை நீட்டி, “ஏம்பா, வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?” என்கிறார். சாவைத் தேடி வருபவனிடம், குடும்பத்தாரிடம் விடைபெற்றாயிற்றா என வினவும் சென்னைச் சாலைகளின் பழைய விசாரிப்பு இது. கேட்கப்பட்டோர் பெரும்பாலும் தலைகுனிந்து நகர்ந்துவிட, உண்மையான விடை கைவசம் உள்ள ஒரே மனிதரான தோள்பேசியார், கழுத்துக் கருவியைத் தொட்டுக்காட்டி, “சொல்லிக்கிட்டேதாங்க வரேன்” என்கிறார்.

மறுமுனையில் பிரேக் சத்தத்தையும் லாரிக்காரரின் கேள்வியையும் தெளிவாகக் கேட்டுவிட்ட மனைவி, “மொதல்ல வண்டிய ஓரமா நிறுத்துங்க” என்று அதட்டுகிறார். அன்றைய பயணம் முழுவதிலும் சாலையைக் கவனித்தவர், அடுப்படியில் நின்றிருந்த அவர் ஒருவரே.