பூனைக்குப் புண், உங்களிடம் களிம்பு

கே: எங்கள் பூனையின் மூக்கு மேல் புண், பொருக்கு. வைரஸாக இருக்குமா? – வாசகி, பெரம்பூர்

ப: தும்மலும் கண்ணில் நீரும் சேர்ந்திருந்தால் பூனை ஹெர்பீஸைச் சந்தேகிக்கலாம். ஆனால் தோலில் வைரஸ் அபூர்வம். படர்தாமரையும் சொறிப்பூச்சியும் சண்டைக் கடியும்தான் அதிகம்.

கே: தானாகப் போய்விடாதா?

ப: ஹெர்பீஸாக இருந்தால் புண் போகும், வைரஸ் போகாது. நரம்புக்குள் பதுங்கி, வீடு மாறினாலோ புதுப் பூனை வந்தாலோ மறுபடி கிளம்பும்.

கே: படைக்கு வாங்கிய களிம்பு மீதி இருக்கிறதே?

ப: தொடாதீர்கள், தயவுசெய்து! மெடிக்கலில் கேட்டு வாங்கும் படைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. இரண்டு நாள் சிவப்பு அடங்கும். உள்ளே ஹெர்பீஸும் படர்தாமரையும் தடையில்லாமல் பரவும். ஐரோப்பாவில் வயல் எலிகளிடமிருந்து பூனைக்கு வரும் பசு அம்மையிலும் ஸ்டீராய்டு கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எதைத் தடவினாலும் பூனை நக்கிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். மனித ஹெர்பீஸுக்குத் தரும் அசைக்ளோவிர் மாத்திரையும் வேண்டாம். பூனை ஹெர்பீஸை அது சரியாக அடக்காது, எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். தேவையானால் டாக்டர் ஃபாம்சைக்ளோவிர் தருவார். வலிக்கென்று பாராசிட்டமாலும் கொடுக்காதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

கே: எங்கே காட்டுவது?

ப: பக்கத்திலேயே, வேப்பேரியில், 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மூடிய கூடையில் கொண்டுபோங்கள். முதலில் முடியையும் தோல் சுரண்டலையும் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பிடிபடாவிட்டால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டிவரும். போகும்முன் களிம்பு தடவினால் சோதனையும் குழம்பும்.

கே: குழந்தைக்கு ஒட்டுமா?

ப: பூனை ஹெர்பீஸ் ஒட்டாது, பூனை நாக்கில் புண் வரவைக்கும் கேலிசி வைரஸும் ஒட்டாது. படர்தாமரை நிச்சயம் ஒட்டும். எது என்று தெரியும்வரை பூனையைக் குழந்தையோடு படுக்கவிடாதீர்கள்.

கே: வீட்டை ஃபினாயில் போட்டுத் துடைக்கலாமா?

ப: கூடாது. ஃபினாயில் பூனைக்கு விஷம். பாதத்தில் ஒட்டியதை அது நக்கும். கேலிசி வைரஸ் தரையில் பல நாள் உயிரோடிருக்கும். அதற்கு வீட்டு பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் 32 பங்கு. நன்றாக அலசிக் காயவிட்ட பிறகே பூனையை விடுங்கள்.

கே: மாடியில் குட்டி போட்டிருக்கிறது. தடுப்பூசி?

ப: 6–8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3–4 வாரத்துக்கு ஒருமுறை. ஹெர்பீஸ், கேலிசி தொற்றை முழுதாகத் தடுக்காது. வந்தால் கடுமையைக் குறைக்கும். தாய்க்கும் சேர்த்து நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.