தாவல் சிவக்க ஒரு விண்ணப்பம்

பெறுநர்: எக்செல் வடிவமைப்புத் துறையினர், மைக்ரோசாஃப்ட் நிறுவனம், ரெட்மண்ட், வாஷிங்டன் மாநிலம்.

பொருள்: கட்டத்தின் மதிப்புக்கேற்பத் தாவல் தானே நிறம் மாறுதல் – அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய துறையினருக்கு,

எக்செல் பணிநூலின் அடிவிளிம்பில் ஒவ்வொரு தாளின் பெயரையும் தாங்கி நிற்கும் சிறு காதினைக் கணினித் தமிழ் ‘தாவல்’ என்றும், கணக்கர்கள் ‘ஷீட் டேப்’ என்றும் வழங்குவர். 31 எழுத்துக்கு மேல் பெயர் தாங்காத அக்காது, உள்ளே இருப்பு முழுவதும் தீர்ந்து கணக்கே தலைகீழாய் நின்றாலும், காலையில் இருந்த நிறத்திலேயே மாலையிலும் இருக்கும் நிதானம் வாய்ந்தது.

கட்டத்திலுள்ள எண் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டும்போது அக்கட்டமே நிறம் மாறிக்கொள்ளும் ஏற்பாடு, அதாவது நிபந்தனை வடிவமைப்பு, எக்செல் 97 பதிப்பில் வந்தது. தாவலுக்கு நிறம் பூசும் வசதி, வலச்சொடுக்கிக் கையால் பூசுவதற்கு மட்டுமாக, எக்செல் 2002-இல் வந்தது. ஒரே நிரலில் இத்தனை ஆண்டுகள் குடியிருந்தும் இவ்விரண்டுக்கும் சம்பந்தம் பேசி முடிக்கத் துறையில் ஒருவரும் கிடைக்கவில்லை என்பதே மனுதாரர்களின் குறை.

நாற்பது கிடங்குகளுக்கு நாற்பது தாள்கள் வைத்திருக்கும் ஓர் அலுவலகத்தில், பதினேழாம் தாளின் இருப்புக் கட்டம் சிவந்துவிட்டதாகக் கொண்டால், அச்சிவப்பு பூட்டிய அறைக்குள் எரியும் விளக்கைப் போன்றது. அதைக் காண அத்தாளைத் திறக்க வேண்டும், திறந்து பார்த்தவருக்கோ தாவலின் எச்சரிக்கை தேவையில்லை. இதில் வியப்பு என்னவெனில், திறந்திருக்கும் தாளின் தாவலில் நிறம் வெளிறியும், மற்றத் தாவல்களில் முழுமையாகவும் தெரியுமாறு துறையினரே வடிவமைத்துள்ளனர். ஆக, தாவலின் நிறம் உள்ளே இல்லாதவருக்காகவே உண்டானது என்பதை அறிந்தவர்களே, உள்ளே நடப்பது அதற்குத் தெரியாதபடியும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு மேக்ரோ எழுதினால் போதும் என்பது வழக்கமான பதில். மேக்ரோ என்பது, விபிஏ என்னும் மொழியில் எழுதிப் பணிநூலுக்குள்ளேயே வைக்கப்படும் சிறு நிரல்; அதில் தாவலின் நிறத்துக்கு 255 என்ற எண்ணைக் கொடுத்தால் தாவல் சிவக்கும். ஆனால் அந்நிரலை எந்த நிகழ்வில் தொங்கவிடுவது என்பதில்தான் இருப்புக் கணக்கர் இடறி விழுகிறார். ‘சேஞ்ச்’ என்னும் நிகழ்வு, கட்டத்தில் ஒருவர் எண்ணைத் தட்டச்சிட்டால் விழித்துக்கொள்ளுமே தவிர, சூத்திரம் மறுகணிப்பில் தரும் புதிய விடைக்கு அசைவதில்லை; மொத்தங்களோ எப்போதும் சூத்திரங்களாகவே இருப்பவை. அதற்குக் ‘கால்குலேட்’ என்னும் வேறொரு நிகழ்வு உண்டு என்பதைக் கணக்கர் கண்டறிந்து, கோப்பை எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் சேமித்தால், எக்செல் ஓர் எச்சரிக்கையோடு மேக்ரோவைக் கழற்றி வைத்துவிடும். எக்ஸ்எல்எஸ்எம் வடிவில் சேமித்தால் மேக்ரோ பிழைக்கும், ஆனால் உலாவியில் இயங்கும் எக்செலில் அது ஓடாது. மின்னஞ்சலில் மேலதிகாரிக்கு அனுப்பினால், இணையவழி வந்த கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுப்பது என்று 2022-இல் நிறுவனம் செய்த முடிவின்படி, அது அவருடைய கணினியில் வாய் திறக்காது. திரையின் மேலே ஒரு பட்டை மட்டும் தோன்றும். அப்பட்டை, எவரும் கேளாமலேயே, சிவப்பாக இருக்கும்.

தடையில் நியாயம் உண்டு. 1999-இல் மெலிஸா என்னும் மேக்ரோ நச்சுநிரல் உலக அலுவலகங்களின் மின்னஞ்சலை அடைத்ததை யாரும் மறக்கவில்லை. பூட்டியதில் குறையில்லை, அந்த ஒரே கதவைக் காட்டி இதன் வழியே வருக என்பதில்தான் குறை.

எக்செலுக்குத் தானாகச் செயல்படும் திறமை இல்லை என்றும் சொல்ல இயலாது. ‘செப்ட்1’ என்னும் மரபணுக் குறியீட்டைக் கேளாமலேயே செப்டம்பர் முதல் தேதியாக்கும் வழக்கம் அதற்கு உண்டு. இது 2004-இலேயே ஆய்வுக் கட்டுரையில் சுட்டப்பட்டும் எக்செல் மாறாததால், 2020-இல் மரபணுப் பெயரிடும் குழுவே இறங்கிவந்து அதனைச் ‘செப்டின்1’ என மாற்றி வைத்தது. தேதியாக்கும் அவ்வழக்கத்தை நிறுத்திவைக்கும் வசதியை எக்செல் தந்தது 2023-இல். மனித மரபணுவின் பெயரையே மாற்ற வைத்த கைக்கு, ஒரு காதின் நிறத்தை மாற்றுவது பெருஞ்சுமையாகாது.

ஆகவே, நிபந்தனை வடிவமைப்பின் சாளரத்தில் ‘தாவலுக்கும் பொருத்துக’ என்ற ஒரேயொரு தேர்வுப் பெட்டியைச் சேர்த்தருளுமாறு மனுதாரர்கள் பணிவுடன் வேண்டுகின்றனர்.

இப்படிக்கு,
பதினேழாம் தாளைத் திறக்க மறந்தவர்கள்.

நகல்: கூகுள் ஷீட்ஸ் துறையினருக்கு. அங்கும் தாவல் தானே நிறம் மாற நிரல்தான் எழுத வேண்டும்.

இணைப்பு: மாதிரிப் பணிநூல் ஒன்று, எக்ஸ்எல்எஸ்எம் வடிவில். திறந்தால் மேலே சிவப்புப் பட்டை வரும்.